மலை வழிகாட்டிப் பயிற்சி: பாடத்தையும் பாதையையும் சேர்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் டிரெக்கிங் கைடு, பாறையேற்றப் பயிற்றுநர், பள்ளி முகாம் நடத்துகிறவர், பறவை பார்க்கக் கூட்டிப் போகிறவர் என்று வெளிப்புற வேலைக்கு வர விரும்பும் இளைஞர்களுக்குப் பயிற்சி தரும் குழுவில் இருக்கிறேன். சேர வருகிறவர்கள், அவர்களுடைய பெற்றோர், மற்ற பயிற்றுநர்கள் எல்லாரும் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்தில்தான் வந்து நிற்கிறது: வகுப்பில் படிப்பதை மலையில் செய்வதோடு எப்படிச் சேர்ப்பது? கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகும் என்பதால் வரிசையாகப் படியுங்கள்.

1. "மலை ஏறத் தெரிஞ்சா பத்தாதா சார்? இதுக்குன்னு ஒரு படிப்பு இருக்கா?"

இருக்கிறது. டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1954-லும், உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1965-லும் தொடங்கப்பட்டன. ஏறக்குறைய நான்கு வாரம் தங்கிப் படிக்கும் அடிப்படைப் படிப்பு இரண்டிலும் உண்டு. அவை பனிமலைக்கான படிப்புகள். நம் பக்கத்து யானைமலை, நாகமலை, சமணர்மலை, அழகர்மலை, சிறுமலை எல்லாம் உயரம் குறைவு, வெயில் அதிகம், சாலையும் ஊரும் பக்கத்திலேயே. இங்கே ஆளைச் சாய்ப்பது வெயில், மலைத்தேனீ, பாம்பு, இடி மின்னல், காய்ந்த புல்லில் பிடிக்கும் தீ. அதற்குத் தகுந்த பாடத்தை இங்கேயே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தான் ஏறுவது ஒரு திறமை. முன்பின் தெரியாத பதினைந்து பேரை ஏற்றி, அதே பதினைந்து பேரையும் இறக்கிக் கொண்டுவருவது இன்னொரு திறமை. சம்பளம் இரண்டாவதற்குத்தான்.

2. "நான் சின்ன வயசுல இருந்து அழகர்மலை ஏறி எறங்குறவன் அண்ணே. எனக்குப் போய் வகுப்பா?"

தம்பி, உங்களிடம் இருப்பது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அதைக் குறைத்து மதிப்பிடுகிற பயிற்றுநரிடம் சேராதீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாதையில் ஓர் இடம் வந்ததும் நீங்கள் தானாகவே இடப்பக்கம் ஒதுங்கி நடக்கிறீர்கள். ஏன் என்று கேட்டால், "அங்கிட்டுத்தான்ணே போவோம்" என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. வலப்பக்கப் பாறையில் ஊற்று கசிந்து பாசி பிடித்திருப்பதை உங்கள் கால் அறிந்திருக்கிறது, வாய்க்கு அது வரவில்லை. பின்னால் வருகிற கல்லூரிப் பிள்ளை வலப்பக்கம்தான் கால் வைப்பான்.

தெரிந்ததைச் சொல்லத் தெரியும்போதுதான் அதை இன்னொருவருக்குக் கொடுக்க முடியும், வேறு மலைக்கும் கொண்டுபோக முடியும். பாசி வழுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஊற்று கசிகிற பாறை எப்படி இருக்கும், எந்த மாதத்தில் கசியும், எந்த முகத்துப் பாறை வெயில் படாமல் ஈரமாகவே கிடக்கும் என்று வகுப்பில் பேசினால், சிறுமலையில் முதன்முறை கால் வைக்கும்போதும் அந்த அறிவு உங்களோடு வரும்.

3. "அப்ப முதல்ல புத்தகமா, முதல்ல மலையா?"

எது முதலில் என்பதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. நடுவில் ஒன்று விட்டுப்போகிறது. ஒரு வாரம் வகுப்பு, அடுத்த வாரம் மலை என்று அட்டவணை போட்டுவிட்டு, இரண்டும் தாமாகவே சேர்ந்துவிடும் என்று நம்புகிறோம். சேராது. வகுப்புப் பாடம் நோட்டோடு நிற்கும், மலை போட்டோவோடு நிற்கும்.

நாங்கள் செய்வது இது. கிளம்புவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தன் ஊகத்தை எழுதித் தர வேண்டும். உச்சிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்? ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகும்? முதலில் களைத்துப்போவது யார்? எந்த இடத்தில் வெயில் அதிகம் வாட்டும்? எத்தனை மணிக்கு மேல், என்ன ஆனாலும் திரும்பிவிட வேண்டும்? எழுதியதை மடித்துப் பயிற்றுநரிடம் கொடுத்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். இறங்கியதும், அன்றைக்குச் சாயங்காலமே, பிரித்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். எது பொருந்தியது, எது தவறியது, ஏன் என்று பேசுகிறோம்.

எழுதி வைத்த ஊகம் தவறும்போதுதான் பாடத்தைத் தேடிப் போகிற பசி வருகிறது. எழுதாமல் போனால், இறங்கி வந்தபின் "இப்படித்தான் ஆகும்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று எல்லாரும் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்றில்லை, மனித மனம் அப்படித்தான் திருத்தி எழுதிக்கொள்ளும். கீழே பல பதில்களில் "ஊகச் சீட்டு" என்று வருவது இதைத்தான்.

4. "நெய்ஸ்மித் விதின்னு ஒண்ணு படிச்சோம். நம்ம ஊருக்கு அது பொருந்துமா?"

அப்படியே பொருந்தாது. ஆனாலும் அதைப் படிக்க வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதை என்றால் 72 நிமிடமும் 60 நிமிடமுமாக 2 மணி 12 நிமிடம். குளிர் நாட்டில், நடந்து பழகிய, நல்ல உடல்வாகு உள்ளவரின் கணக்கு இது.

நம் ஊரில் வெயில் 40 பாகையைத் தொடும் சித்திரை நாளில், ரப்பர் செருப்போடு வந்த மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு போகும்போது அந்த 2 மணி 12 நிமிடம் என்ன ஆகும்? ஊகச் சீட்டில் முதலில் நெய்ஸ்மித் கணக்கை எழுதச் சொல்கிறோம். அதன் பக்கத்தில், இந்தக் குழுவுக்கு, இந்த மாதத்துக்கு எத்தனை மடங்கு ஆகும் என்று தன் கணக்கை எழுத வேண்டும். சில நடைகள் ஆனதும் ஒவ்வொருவர் கையிலும் அவரவருடைய மடங்குக் கணக்கு இருக்கும்: தை மாதக் காலைக்கு ஒன்று, பங்குனி மதியத்துக்கு ஒன்று, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்று. குழுவின் வேகம் என்பது கடைசி ஆளின் வேகம் என்பதையும் அந்த எண்களே சொல்லிக்கொடுத்துவிடும். விதி இல்லாமல் போயிருந்தால் "ரொம்ப லேட்டாயிருச்சு" என்ற புலம்பல் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

5. "கோல்ப் சக்கரம்னு போர்டுல வரைஞ்சு காட்டுறாங்க. அது மலையில எப்படி உதவும்?"

அமெரிக்கக் கல்வியியலாளர் டேவிட் கோல்ப் 1984-இல் விளக்கிய அனுபவக் கற்றல் சுழற்சி அது: ஒன்றைச் செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து பொதுவான காரணத்தைக் கண்டெடுப்பது, அந்தக் காரணத்தை அடுத்த முறை சோதித்துப் பார்ப்பது. நல்ல வரைபடம்தான். அது தானாகச் சுழலும் என்று நினைப்பதில்தான் சிக்கல். செய்வதோடு நின்றுவிடுகிறவர்களே அதிகம். முகாம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து "எல்லாரும் ஃபீட்பேக் சொல்லுங்க" என்றால், "சூப்பரா இருந்துச்சு" என்ற பதிலோடு இரண்டாம் படியும் முடிந்துவிடும். எழுதிய ஊகம் கையில் இருந்தால் பேச்சு தானாகவே மூன்றாம் படிக்குப் போகும்.

நான்காம் படிக்குத் தேவை இரண்டாவது நடை. அதே பாதை, வேறு தலைவர். பணம், நேரம் என்று காரணம் சொல்லி எல்லாரும் வெட்டுவது இதைத்தான்.

6. "இதெல்லாம் வெள்ளைக்காரன் சொன்னதுதானே? நம்மகிட்ட ஒண்ணும் இல்லையா?"

மதுரையிலிருந்து ராஜபாளையம் போகிற வழியில் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா தம் கடைசிக் காலத்தில் தங்கிப் பணி செய்த இடம். திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் இருக்கிறது. டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கியது. இரண்டுக்கும் அடியில் ஓடுவது 1937 வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி. கைத்தொழிலைத் தனிப் பாடமாக வைக்காமல், நூல் நூற்கும்போதே கணக்கும் பூகோளமும் வரலாறும் அதிலிருந்து கிளைத்து வர வேண்டும் என்பது அதன் கருத்து.

மலைப் பயிற்சிக்கு நான் எடுத்துக்கொண்டது அதைத்தான். கயிறு கட்டும்போதே இயற்பியல் வரட்டும், தண்ணீர் குடிக்கும்போதே உடலியல் வரட்டும். அடுத்த பதிலில் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது.

7. "முடிச்சு போடறதெல்லாம் வீடியோ பார்த்தே கத்துக்கலாமே?"

முடிச்சைக் கற்கலாம். 8 என்ற எண் வடிவில் விழும் முடிச்சை வீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு போடுகிற அளவுக்குப் பழகி வாருங்கள், எங்களுக்கும் நேரம் மிச்சம். கயிற்றில் எவ்வளவு சுமை இறங்குகிறது என்பதை மட்டும் வீடியோ உங்கள் கைக்குச் சொல்லாது.

அதற்கு ஒரு சோதனை செய்கிறோம். 25 கிலோ அரிசி மூட்டை ஒன்று, கயிறு இரண்டு, 50 கிலோ வரை காட்டும் தொங்கு தராசு இரண்டு. மூட்டையை நடுவில் கட்டி, இரண்டு பேர் இரு பக்கமும் தராசோடு பிடிக்கிறார்கள். நெருங்கி நிற்கும்போது ஆளுக்குப் பன்னிரண்டரை கிலோ. இரண்டு கயிற்றுக்கும் இடையே 60 பாகை ஆனதும் ஏறக்குறைய பதினாலரை. 90 பாகையில் பதினேழே முக்கால் பக்கம். 120 பாகைக்கு விலகினால் இருவர் தராசிலும் முழு 25 கிலோ. இரண்டு பேர் பிடித்தும் ஒருவருக்கும் சுமை குறையவில்லை. இன்னும் விலகி 150 பாகைக்குப் போனால் ஆளுக்கு 48 கிலோ, கை தாங்காமல் மூட்டை தரையைத் தொட்டுவிடும். இதைக் கையால் உணர்ந்த பிள்ளைக்கு, பாறையில் கயிற்றைத் தாங்கும் இரண்டு பிடிமானங்களை ஏன் அகலமாகக் கட்டக் கூடாது என்று பிறகு விளக்க வேண்டியதே இல்லை. சூத்திரத்தை அதற்கு அப்புறம் எழுதுகிறோம். கணக்கு என்றாலே பயந்தவர்கள்கூட அப்போது ஆர்வமாக எழுதுகிறார்கள்.

பிடிமானம் கட்டும் பாறையும் இப்படித்தான். நம் ஊர்ப் பாறைகள் வெயிலில் காய்ந்து மேல்தோல் தகடு தகடாகப் பெயரும். பெயர்ந்த தகட்டைத் தட்டினால் பொக்கென்று சத்தம் வரும், திடப்பாறை கணீரென்று ஒலிக்கும். மேலூர்ப் பக்கம் கல்லுடைக்கும் ஐயாக்கள் இதை நொடியில் சொல்வார்கள். அவர்களை வகுப்புக்கு ஆசிரியராக அழையுங்கள், மரியாதையோடு சம்பளமும் கொடுங்கள்.

8. "முதலுதவிப் பரீட்சையில முழு மார்க் எடுத்தேன். மலையில ஒண்ணுமே தோணலை. ஏன் சார்?"

பரீட்சையில் கேள்விக்கு மேலேயே "வெப்பத்தாக்கு: அறிகுறிகள் எழுதுக" என்று தலைப்பு இருந்தது. மலையில் தலைப்பு இருக்காது. நாங்கள் நடத்தும் நடிப்புப் பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். மூத்த மாணவர் ஒருவரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி வைத்துவிடுவோம். நடுவழியில் அவர் பேச்சைக் குறைப்பார். தண்ணீர் கொடுத்தால் தட்டிவிடுவார். "என்னை விடுங்கப்பா" என்று எரிந்து விழுவார், பாதையை விட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வார். அன்றைய தலைவர் என்ன செய்வார் தெரியுமா? பெரும்பாலும், "கோவிச்சுக்கிட்டான், கொஞ்ச நேரம் விடுங்க, சரியாயிருவான்" என்பார். முந்தின நாள் வகுப்பில் "குழப்பம், எரிச்சல், நடத்தையில் மாற்றம்" என்று அவரே எழுதியிருப்பார்.

தெரிந்த ஒன்றை அடையாளம் காண்பதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். அதனால் நோயின் பெயரிலிருந்து அறிகுறிக்குப் போகிற பாடத்தைத் திருப்பிப் போட்டு, நடத்தையிலிருந்து தொடங்குகிறோம்: வெயிலில் ஒருவர் குணம் மாறினால் முதல் சந்தேகம் வெப்பத்தாக்கு. வேர்த்து, களைத்து, ஆனால் தெளிவாகப் பேசுகிறவருக்கு நிழலும் மோரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் போதும். குழம்பிப் பேசுகிறவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிற வேண்டும், 108-ஐ அழைக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடுவது.

9. "பெரியவங்க ஒண்ணு சொல்றாங்க, புத்தகம் ஒண்ணு சொல்லுது. யார் பேச்சைக் கேக்க?"

விஷயத்தைப் பொறுத்தது. பாம்புக்கடியில் புத்தகத்தைத்தான் கேட்க வேண்டும், இதில் பேரமே கிடையாது. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை வைத்துக் காத்திருப்பது எல்லாமே கெடுதல். கடிபட்ட கை காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல அசையாமல் வைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாமலே இருக்கலாம். "வலிக்கலையே" என்று உட்கார்ந்துவிடக் கூடாது.

ஓடை விஷயத்தில் ஊர்க்காரரைக் கேளுங்கள். 2015-இல் சதுரகிரி அடிவாரத்துத் தாணிப்பாறைப் பக்கம் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். கீழே வெயில் அடிக்கும்போதே மேல்மலையில் மழை பெய்து ஓடை பெருகும் என்று பாடம் சொல்கிறது. எந்த முகட்டில் மேகம் கூடினால் எந்த ஓடை, எவ்வளவு நேரத்தில் பெருகும் என்று மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவரும், சதுரகிரி, வருசநாட்டுப் பக்கத்துப் பளியர் பழங்குடியினரும்தான் சொல்ல முடியும். தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், ஓடையின் சத்தம் மாறினால் உடனே மேட்டுக்கு ஏறு என்பதில் இரண்டு தரப்பும் ஒன்றையே சொல்கின்றன.

முரண்பாடு வரும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: சொல்கிறவர் அதைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு இருந்ததா? மேய்ப்பவருக்கு ஓடை விஷயத்தில் இருந்தது. பச்சிலை வைத்தவருக்கு இல்லை. விஷம் இறங்காத கடிகள் ஏராளம், அதில் பிழைத்தவர்களையெல்லாம் அவர் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

10. "பொம்பளப் பிள்ளைய இந்த வேலைக்கு அனுப்பலாமா அண்ணே?"

தாராளமாக அனுப்புங்கள். உத்தரகாசியில் படித்த பச்சேந்திரி பால் 1984-இல் எவரெஸ்ட் ஏறினார். பக்கத்து விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்செல்வி 2023-இல் ஏறினார். பள்ளி மாணவியர் வரும் முகாம்களுக்குப் பெண் வழிகாட்டிகள் கிடைப்பதுதான் இப்போது சிரமமாக இருக்கிறது. சேர்க்கும் இடத்தில் கழிப்பறை ஏற்பாடு, தங்குமிடம், புகார் சொல்ல யார் என்ற மூன்றையும் நேரில் போய்க் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

11. "அரிட்டாபட்டியில பறவை காட்டணும்னா எல்லாப் பேரையும் மனப்பாடம் பண்ணணுமா?"

வேண்டாம். 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. லகார் வல்லூறு போன்ற அரிய பறவைகள் அங்கே உண்டு. பெயரை எந்தச் செயலியும் சொல்லிவிடும். அந்தப் பறவை ஏன் அந்தப் பாறை முகத்தைத் தேர்ந்தெடுக்கிறது, கூடு கட்டும் காலத்தில் நாம் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதைச் சொல்லத் தெரிந்தால் நீங்கள் வழிகாட்டி.

12. "சான்றிதழ் வாங்கிட்டா காட்டுக்குள்ள ஆள் கூட்டிட்டுப் போகலாமா?"

முடியாது. 2018-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளின்படி வனப்பகுதிக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். 2024 அக்டோபரில் "டிரெக் தமிழ்நாடு" திட்டம் 40 பாதைகளோடு தொடங்கியது. அதில் உள்ளூர் இளைஞர்களே பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். தீப் பருவத்தில் பாதைகள் மூடப்படும்.

13. "தப்பு செஞ்சாத்தானே புத்தி வரும்? பிள்ளைகளை ஆபத்துல விட்டுப் பழக்குனா என்ன?"

விலை குறைந்த தவறுகளைச் செய்ய விடுங்கள். பிரிவுப் பாதையில் தப்பாகத் திரும்பி அரை மணி நேரம் வீணாகட்டும். கூடாரத்தைப் பள்ளத்தில் அடித்து நனையட்டும். உயரம், தீ, வெள்ளம், தேனீ, மின்னல், கடும் வெயில் ஆகியவற்றில் தவறைச் செய்து கற்க முடியாது, ஏனென்றால் கற்றவர் மிஞ்ச மாட்டார்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை வெறும் வருத்தமாக வைத்துக்கொண்டால் யாருக்கும் உதவாது. சிறுமலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பயிற்சி பெறுகிறவர்களை நிறுத்தி, கீழே காய்ந்த புல் சரிவைக் காட்டி, "அங்கே தீப்பிடித்தால் எந்தப் பக்கம் போவாய்?" என்று கேட்டு ஊகச் சீட்டில் எழுத வைக்கிறோம். நிறையப் பேர் மேலே உச்சிக்கு என்றுதான் எழுதுகிறார்கள். பிறகு பாடம்: வெப்பம் மேலே ஏறி, தீ வந்து சேருவதற்கு முன்பே மேல்சரிவுப் புல்லைக் காயவைத்துவிடும். சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் தோராயமாக இரட்டிப்பாகும். ஏற்றத்தில் ஓடும் மனிதனின் வேகமோ குறைந்துகொண்டே போகும். ஆகவே பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறை, மண் சாலை, ஏற்கெனவே எரிந்து அணைந்த இடம் எது இருக்கிறது என்று தேட வேண்டும். கணக்கைச் சொன்னதும், அதே இடத்தில் நின்று தன் கண்ணால் அந்த இடங்களைக் காட்டச் சொல்கிறோம். அப்போது புல் சரிவு அவர்களுக்கு வேறு மாதிரி தெரியத் தொடங்குகிறது. அதன்பின் எந்த மலையிலும் நடக்கும்போதே ஒதுங்கும் இடத்தைக் கண் தேடும்.

14. "ரொம்ப வருஷ அனுபவம் உள்ள ஆள், 'எனக்கு மனசுல சரியாப் படுது'ன்னு சொன்னா நம்பலாமா?"

டேனியல் கேனிமனும் கேரி கிளைனும் உள்ளுணர்வு பற்றி எதிரெதிர்க் கருத்து கொண்டிருந்த உளவியலாளர்கள். 2009-இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதி, இரண்டு நிபந்தனைகளில் உடன்பட்டார்கள்: அந்தத் துறையில் நம்பகமான அடையாளங்கள் இருக்க வேண்டும், முடிவு சரியா தவறா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு திரும்பத் திரும்பக் கிடைக்க வேண்டும். ஒன்பதாம் பதிலில் சொன்ன என் அளவுகோலும் இதையொட்டியதுதான்.

இதை வைத்துப் பார்த்தால், "இந்தக் குழு இன்னும் ஒரு மணி நேரம் தாங்காது" என்று மூத்த வழிகாட்டி சொன்னால் நம்பலாம். ஒவ்வொரு நடையிலும் அவருக்கு அதன் விடை கிடைத்திருக்கிறது. "இடி தூரத்துலதான் இருக்கு, உச்சிக்குப் போயிட்டு வந்துரலாம்" என்று அதே ஆள் சொன்னால் நம்பக் கூடாது. பலமுறை தவறான முடிவெடுத்தும் மின்னல் வேறெங்கோ விழுந்ததால் தப்பியிருப்பார், அந்தத் தப்பித்தலையே மனம் திறமை என்று பதிந்து வைத்திருக்கும். இங்கே விதி போதும்: மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் இறங்கி ஒதுங்க வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வரை வெளியே வரக் கூடாது. பெரியவர் மனம் கோணாமல் இதைச் சொல்வதற்கு ஒரு வழி, கிளம்பும் முன்பே எல்லாரும் சேர்ந்து அந்த விதியில் கையெழுத்துப் போட்டுவிடுவது.

15. "எங்க கல்லூரியில ஒரே ஒரு நாள்தான் கொடுக்குறாங்க. அதுக்குள்ள தியரியையும் பிராக்டிகலையும் எப்படிச் சேக்குறது?"

கீழக்குயில்குடி சமணர்மலைக்கு அழைத்துப் போங்கள். காலை 6 மணிக்கு அடிவாரத்து ஆலமரத்தடியில் ஊகச் சீட்டு. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் தலைமையில் பேச்சிப்பள்ளம் வரை ஏற்றம், வழியில் எட்டாம் பதிலில் சொன்ன நடிப்பு. சமணச் சிற்பங்கள் இருக்கும் இடம் பாதுகாக்கப்பட்ட சின்னம், அங்கே கயிறு கட்டுவது, சாய்வது, எழுதுவது எதுவும் கூடாது. வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். ஆலமரத்தடியிலேயே சீட்டுகளைப் பிரித்து, தவறிய ஊகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு வேண்டிய பாடத்தை நடத்துங்கள். மதியம் அரிசி மூட்டைச் சோதனை. நான்கு மணிக்கு, காலையில் வாய் திறக்காத மாணவி ஒருவரைத் தலைவராக்கி, புதுச் சீட்டோடு மறுபடி ஏற்றம்.

பேருந்து நேரத்துக்காக எதையாவது வெட்டியே ஆக வேண்டும் என்றால் வரவேற்புரையையும் சான்றிதழ் வழங்கலையும் வெட்டுங்கள். நான்கு மணி ஏற்றத்தில் கை வைக்காதீர்கள்.